மெய்நிகர் இயந்திரத்துக்கு வைஃபை அட்டையை நேரடியாக ஒப்படைத்தல்

கணினியில் பொருத்தப்பட்டுள்ள கம்பியில்லா வலையமைப்பு அட்டையை அக்கணினியின் முதன்மை இயங்குதளம் விட்டுக்கொடுத்து, அதனுள் ஓடும் மெய்நிகர் இயந்திரம் ஒன்றின் முழுக் கட்டுப்பாட்டில் விடுவதே வைஃபை அட்டையை நேரடியாக ஒப்படைத்தல் எனப்படுகிறது. கணினித் துறையினர் இதனைப் பாஸ்த்ரூ என்பர். ஒப்படைத்த பிறகு அட்டைக்கான இயக்கி மென்பொருள் மெய்நிகர் இயந்திரத்துக்குள்தான் ஓடும். அருகிலுள்ள வைஃபை வலையமைப்புகளைத் தேடுவது, கடவுச்சொல் கொடுத்து இணைவது, அலைவரிசையை மாற்றுவது ஆகிய எல்லாமே அங்கிருந்து நடக்கும். முதன்மை இயங்குதளத்தின் பார்வையில் அட்டை கழற்றி எடுக்கப்பட்டதற்குச் சமம்.

இக்கட்டுரையில், உண்மையான வன்பொருளின் மீது ஓடும் இயங்குதளம் ஓம்புநர் என்றும், மெய்நிகர் இயந்திரத்துக்குள் ஓடுவது விருந்தினர் என்றும் குறிக்கப்படுகின்றன. கருவியை இவ்வாறு ஒப்படைப்பது புதிய கருத்தன்று. ஐபிஎம் நிறுவனம் 1972இல் வெளியிட்ட விஎம்/370 என்னும் பெருங்கணினி மென்பொருளிலேயே ஒரு கருவியை ஒரு மெய்நிகர் இயந்திரத்துக்கென்று ஒதுக்கிவிடும் வசதி இருந்தது. மடிக்கணினி வரை அது வந்து சேர நாளாயிற்று.

== விருந்தினரில் வைஃபை ஏன் தெரிவதில்லை ==

வெர்ச்சுவல்பாக்ஸ் மென்பொருளில் காலி லினக்ஸை நிறுவும் மாணவர் பெரும்பாலும் முதல் நாளே ஒரு புதிரைச் சந்திக்கிறார். மடிக்கணினி வைஃபையில் இணைந்திருக்கிறது. விருந்தினருக்குள்ளும் இணையம் வருகிறது. ஆனால் அங்கே வைஃபை வலையமைப்புகளின் பட்டியல் இல்லை. கம்பிவழி இணைப்புக்கான சின்னம் மட்டும் தெரிகிறது. இயக்கியை நிறுவினால் சரியாகும் என்று நினைத்துப் பலர் மணிக்கணக்கில் தேடுவது உண்டு. அங்கே நிறுவுவதற்கு எதுவும் இல்லை, ஏனெனில் விருந்தினருக்குள் வைஃபை அட்டை என்ற ஒன்றே கிடையாது.

மெய்நிகராக்க மென்பொருள் விருந்தினருக்குக் காட்டுவது ஒரு போலிக் கம்பிவழி அட்டையை. வெர்ச்சுவல்பாக்ஸில் அது பெரும்பாலும் இன்டெல் புரோ/1000 என்னும் பழைய ஈதர்நெட் அட்டையின் சாயலாக இருக்கும். லினக்ஸின் கேவிஎம்மில் விர்ட்ஐஓ என்னும் வகை வழக்கம். விருந்தினர் இந்தப் போலி அட்டைக்குள் போடும் பொதிகளை ஓம்புநர் வாங்கித் தன் முகவரியில் வெளியே அனுப்புகிறது. மறுமொழி வந்ததும் உரியவரிடம் சேர்க்கிறது. விடுதி மாணவர்களின் கடிதங்கள் எல்லாம் விடுதி முகவரிக்கே வந்து, காப்பாளர் பிரித்துக் கொடுப்பதைப் போன்றது இது. வலைமுகவரி பெயர்ப்பு என்பது இம்முறையின் பெயர். வெளியே இருக்கும் கம்பியில் வைஃபை ஓடுகிறதா, செல்பேசி இணையம் ஓடுகிறதா என்பது விருந்தினருக்குத் தெரியாது. தெரிய வேண்டியதும் இல்லை.

இதற்கு மாற்றாகப் பாலம் அமைக்கும் முறை ஒன்று உண்டு. விருந்தினருக்குத் தனி வன்பொருள் முகவரி கொடுத்து, வீட்டு வலையமைப்பில் தனிக் கணினிபோல் காட்டும் முறை அது. கம்பிவழி இணைப்பில் இது சிக்கலின்றி வேலை செய்கிறது. வைஃபையில் இடறுகிறது. காரணம் 802.11 தரத்தின் சட்டக அமைப்பிலேயே இருக்கிறது. மடிக்கணினி அணுகுமுனைக்கு அனுப்பும் வழக்கமான சட்டகத்தில் மூன்று முகவரிகள் இருக்கும்: பெறும் அணுகுமுனை, அனுப்பும் நிலையம், இறுதியில் சேர வேண்டிய இடம். அனுப்பும் நிலையம் ஒன்றும், முதலில் எழுதிய இயந்திரம் வேறொன்றும் என்று குறிக்க நான்காவது இடம் அதில் இல்லை. மேலும், தன்னிடம் பதிந்து இணைந்த முகவரியிலிருந்து வருவதை மட்டுமே அணுகுமுனை ஏற்கும். எனவே லினக்ஸில் சாதாரண வைஃபை இடைமுகத்தைப் பாலத்தில் சேர்க்க முயன்றால், அந்தச் செயலுக்கு ஆதரவில்லை என்று கருனி மறுத்துவிடுகிறது. நான்கு முகவரிகள் கொண்ட சட்டக முறை ஒன்று இருக்கிறது. ஆனால் அதற்கு அணுகுமுனையும் ஒத்துழைக்க வேண்டும். வெர்ச்சுவல்பாக்ஸ் பொதிகளில் உள்ள முகவரியை மாற்றி எழுதி இந்தத் தடையை ஓரளவு சமாளிக்கிறது.

== எப்போது தேவைப்படும் ==

விருந்தினருக்குள் இணையம் வந்தால் போதும் என்பவருக்கு ஒப்படைப்பு தேவையே இல்லை. இதை முதலில் சொல்லிவிடுவது நல்லது, ஏனெனில் செய்முறை எளிதன்று. செய்து முடித்தால் ஓம்புநர் தன் வைஃபையை இழக்கும்.

வானொலி அலையையே தொட வேண்டிய பணிகளுக்குத்தான் இது உரியது. காற்றில் பறக்கும் எல்லாச் சட்டகங்களையும் பதிவு செய்யும் கண்காணிப்பு நிலை, விருந்தினரை அணுகுமுனையாகவே மாற்றி ஓபன்டபிள்யூஆர்டி போன்ற திசைவி மென்பொருளை ஓட்டுதல், புதிய இயக்கியை ஓம்புநருக்கு ஆபத்தின்றிச் சோதித்தல் ஆகியன அத்தகையவை. நான்காவது காரணம் பாதுகாப்பு. அது இக்கட்டுரையின் பிற்பகுதியில் விளக்கப்படுகிறது.

கண்காணிப்பு நிலையைப் பயில்வோர் தமது சொந்த அணுகுமுனையிலோ, உரியவரின் அனுமதி பெற்ற வலையமைப்பிலோ மட்டுமே பயில வேண்டும். பக்கத்து வீட்டு வலையமைப்பில் அனுமதியின்றி நுழைவது, இந்தியாவில் தகவல் தொழில்நுட்பச் சட்டம், 2000இன் 43, 66 ஆகிய பிரிவுகளின்கீழ் வரும்.

== யூஎஸ்பி வழி ==

அட்டையை ஒப்படைக்க இரண்டு வழிகள் உள்ளன. வெளியே செருகும் யூஎஸ்பி வைஃபை கருவியைக் கொடுப்பது ஒன்று. மடிக்கணினிக்குள் இருக்கும் பிசிஐ எக்ஸ்பிரஸ் அட்டையைக் கொடுப்பது மற்றொன்று. பயிலும் மாணவர்களில் பெரும்பாலோருக்கு முதல் வழியே போதும்.

யூஎஸ்பி வழியில், துறையைக் கட்டுப்படுத்தும் சில்லு ஓம்புநரிடமே இருக்கும். விருந்தினர் எழுப்பும் யூஎஸ்பி வேண்டுகோள்களை மெய்நிகராக்க மென்பொருள் வாங்கிக் கருவியிடம் கொடுத்து, பதிலைத் திருப்பித் தருகிறது. நினைவகத்தைத் தொடும் வேலையை ஓம்புநர்தான் செய்கிறது என்பதால், இதற்குச் சிறப்பு வன்பொருள் எதுவும் வேண்டியதில்லை. சாதாரணக் கணினியிலும், விண்டோஸ் ஓம்புநரிலும் இது நடக்கும். வெர்ச்சுவல்பாக்ஸில் இயந்திரத்தின் அமைப்புகளில் யூஎஸ்பி பகுதிக்குச் சென்று கருவிக்கு ஒரு வடிகட்டி சேர்த்தால், அடுத்த முறை செருகியதும் அது விருந்தினரிடம் போய்விடும். ஓம்புநர் லினக்ஸாக இருந்தால், பயனரின் பெயர் வெர்ச்சுவல்பாக்ஸுக்கான யூஎஸ்பி பயனர் குழுவில் சேர்ந்திருக்க வேண்டும். இல்லையென்றால் கருவிப் பட்டியல் வெறுமையாகவே காட்சி தரும்.

இங்கே காசு வீணாகும் இடம் ஒன்று இருக்கிறது. கருவியின் மேலட்டையில் உள்ள பெயரைப் பார்த்து வாங்கக் கூடாது, உள்ளே இருக்கும் சில்லைப் பார்த்து வாங்க வேண்டும். டிபி-லிங்க் நிறுவனத்தின் டிஎல்-டபிள்யூஎன்722என் என்னும் கருவி நல்ல எடுத்துக்காட்டு. அதன் முதல் பதிப்பில் ஏதெரோஸ் ஏஆர்9271 சில்லு இருந்தது. லினக்ஸ் கருனியிலேயே அதற்கு இயக்கி உண்டு. கண்காணிப்பு நிலையும் நன்றாக வேலை செய்யும். இரண்டாம் பதிப்பிலிருந்து ரியல்டெக் சில்லுக்கு மாற்றிவிட்டார்கள். பெயரும் வடிவமும் அதேதான். பழைய பாடக் குறிப்புகளைப் பார்த்து இதை வாங்கிய மாணவர்கள் ஏமாற இதுவே காரணம். ஏஆர்9271, ஆர்டி3070 ஆகியவை பழைய, நம்பகமான சில்லுகள் என்றாலும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் மட்டுமே இயங்கும். 5 கிகாஹெர்ட்ஸும் வேண்டுமென்றால் மீடியாடெக் எம்டி7612யூ போன்ற சில்லைத் தேடலாம்.

இன்னொரு சிறு வேடிக்கையும் உண்டு. சில ரியல்டெக் கருவிகள் செருகியதும் முதலில் தம்மை ஒரு குறுந்தகடாகக் காட்டிக்கொள்ளும். விண்டோஸுக்கான இயக்கியை அந்தப் போலிக் குறுந்தகட்டில் வைத்திருப்பார்கள். பிறகுதான் அவை வைஃபை கருவியாக மாறும்; மாறும்போது அடையாள எண்ணும் மாறும். குறுந்தகடாக இருந்தபோது உருவாக்கிய வடிகட்டி, மாறிய கருவியை அடையாளம் காணாது. இரண்டு அடையாளங்களுக்கும் தனித்தனி வடிகட்டி வைத்தால் தீரும். மின்சாரமும் கவனிக்கத்தக்கது: யூஎஸ்பி 2.0 துறை ஒன்று 500 மில்லிஆம்பியர் தர வேண்டும் என்பது தரம். ஆற்றல் மிகுந்த கருவியைத் தனி மின்னூட்டம் இல்லாத பிரிப்பானில் செருகினால் இணைப்பு அடிக்கடி அறுந்துபோகும். பழி மெய்நிகர் இயந்திரத்தின்மீது விழும்.

== பிசிஐ வழியும் நினைவகக் காவலும் ==

மடிக்கணினிக்குள் இருக்கும் அட்டையைக் கொடுப்பது வேறு வகையான வேலை. பிசிஐ எக்ஸ்பிரஸ் அட்டைகள் நேரடி நினைவக அணுகல் என்னும் முறையில் இயங்குகின்றன. காற்றில் ஒரு சட்டகம் வந்ததும், அட்டை செயலியைத் தொந்தரவு செய்யாமல் தானே கணினியின் நினைவகத்தில் அதை எழுதிவிட்டு, எழுதிவிட்டேன் என்று ஒரு குறுக்கீட்டை மட்டும் அனுப்புகிறது. எங்கே எழுத வேண்டும் என்பதை இயக்கி முன்னதாகவே அதற்குச் சொல்லியிருக்கும்.

இயக்கி விருந்தினருக்குள் இருந்தால் என்ன ஆகும்? விருந்தினர் தன் நினைவகம் பூச்சியத்தில் தொடங்குவதாக நம்புகிறது. உண்மையில் அது ஓம்புநரின் நினைவகத்தில் எங்கோ சிதறிக் கிடக்கும் பக்கங்களின் தொகுப்பு. ஒரு பெரிய கிடங்கில் ஒருவர் வாடகைக்குச் சில அறைகள் எடுத்திருக்கிறார் என்று கொள்வோம். தன் அறைகளுக்கு அவர் 1, 2, 3 என்று தாமே எண் வைத்துக்கொள்கிறார். சுமை வண்டிக்காரரிடம் மூட்டையை 5ஆம் அறையில் இறக்கு என்று சீட்டு எழுதிக் கொடுக்கிறார். வண்டிக்காரர் கிடங்கின் உண்மையான 5ஆம் அறையில் இறக்கிவிட்டுப் போகிறார். அந்த அறை வேறொருவருடையது. ஒருவேளை கிடங்கு முதலாளியின் கணக்கு அறையாகவும் இருக்கலாம். நேரடி நினைவக அணுகலை அப்படியே ஒப்படைத்தால் இதுதான் நடக்கும். தவறுதலாக நடந்தால் கணினி உறைந்துபோகும்; தீய எண்ணத்தோடு நடந்தால் விருந்தினர் ஓம்புநரையே கைப்பற்றும்.

இதற்காகக் கிடங்கு வாயிலில் ஒரு காவலர் வேண்டும். இந்த வண்டி கொண்டுவரும் சீட்டில் 5 என்றிருந்தால் அது 105ஆம் அறை. பட்டியலில் இல்லாத எண் வந்தால் வண்டியை உள்ளே விடாதே என்று அவர் கையில் ஒரு பதிவேடு இருக்க வேண்டும். அந்தக் காவலர்தான் ஐஓஎம்எம்யூ எனப்படும் உள்ளீடு-வெளியீட்டு நினைவக மேலாண்மை அலகு. இன்டெல் அதனை விடி-டி என்ற பெயரிலும், ஏஎம்டி அதனை ஏஎம்டி-விஐ என்ற பெயரிலும் தருகின்றன. அட்டை தரும் ஒவ்வொரு முகவரியையும் இந்த அலகு மொழிபெயர்த்து, எல்லை தாண்டுவதைத் தடுக்கிறது.

இன்டெல் விடி-எக்ஸ் வேறு, விடி-டி வேறு என்பதை மாணவர்கள் நன்கு மனத்தில் கொள்ள வேண்டும். முன்னது விருந்தினரின் கட்டளைகளைச் செயலி நேரடியாக ஓட்ட உதவுவது. மெய்நிகர் இயந்திரம் ஓடுவதற்கே அது வேண்டும். பின்னது கருவிகளுக்கான காவல். ஒன்று இருந்து மற்றது இல்லாத கணினிகள் உண்டு. பயாஸ் அமைப்பில் இரண்டும் தனித்தனி விருப்பங்களாக இருக்கும். பின்னது அணைக்கப்பட்டே வருவதும் உண்டு.

காவலர் எல்லா அட்டைகளையும் தனித்தனியே பிரித்தறிவதில்லை. ஒரே பாலத்தின் பின்னால் இருக்கும் இரு கருவிகள், காவலரைக் கடக்காமல் தமக்குள் நேரடியாகப் பேசிக்கொள்ள வாய்ப்பிருந்தால், அவை ஒரே குழுவாகக் கொள்ளப்படும். குழுவில் ஒன்றை விருந்தினரிடம் விட்டு மற்றொன்றை ஓம்புநர் வைத்துக்கொள்ள லினக்ஸ் அனுமதிப்பதில்லை. வைஃபை அட்டையும் கம்பிவழி அட்டையும் ஒரே குழுவில் அமைந்துவிட்ட கணினிகளில் இரண்டையும் இழக்க வேண்டியிருக்கும். இந்தக் குழுக்களை வலுக்கட்டாயமாக உடைக்கும் திருத்தம் ஒன்று கருனிக்கு வெளியே கிடைக்கிறது. அதிகாரபூர்வக் கருனியில் அது சேர்க்கப்படவில்லை. கருவிகளுக்கிடையே பிரிப்பு இருப்பதாகக் கருனியை நம்பவைக்கிறதே தவிர, உண்மையில் பிரிப்பை அது உண்டாக்குவதில்லை. பாதுகாப்புக்காக ஒப்படைப்பவர் அதைப் பயன்படுத்துவதில் பொருள் இல்லை.

== லினக்ஸ் ஓம்புநரில் செய்முறை ==

கேவிஎம், விஎஃப்ஐஓ ஆகிய இரண்டும் லினக்ஸில் இதற்கான அடிப்படை. கேவிஎம் 2007இல் 2.6.20ஆம் கருனியில் சேர்ந்தது. கருவிகளைப் பாதுகாப்பாகப் பயனர் மென்பொருளிடம் ஒப்படைக்கும் விஎஃப்ஐஓ கட்டமைப்பு 2012இல் 3.6ஆம் கருனியில் வந்தது. எடுத்துக்காட்டாக, இன்டெல் ஏஎக்ஸ்200 என்னும் வைஃபை 6 அட்டையைக் கொள்வோம்.

முதலில் பயாஸில் விடி-டி விருப்பத்தை இயக்க வேண்டும். இன்டெல் செயலியாக இருந்தால், கருனிக்குத் தொடக்கத்தில் கொடுக்கும் அளவுருக்களில் இன்டெல் ஐஓஎம்எம்யூவை இயக்கும் அளவுருவையும் சேர்க்க வேண்டியிருக்கலாம். ஏஎம்டியில் அது தானாகவே இயங்கும். கணினியை மீண்டும் தொடங்கிய பின், கருனியின் தொடக்கச் செய்திகளில் இன்டெல் என்றால் டிஎம்ஏஆர், ஏஎம்டி என்றால் ஏஎம்டி-விஐ என்ற சொற்கள் வருகின்றனவா என்று பார்க்கலாம். சிஸ் கோப்பமைப்பில், கருனிக்கான அடைவின்கீழ் ஐஓஎம்எம்யூ குழுக்கள் எண் வாரியாக அடைவுகளாக இருக்கும். அந்த அடைவு காலியாக இருந்தால் மேலே செல்வதில் பயனில்லை.

அடுத்து, பிசிஐ கருவிகளைப் பட்டியலிடும் எல்எஸ்பிசிஐ கட்டளையால் அட்டையின் இருப்பிடத்தையும் அடையாளத்தையும் குறித்துக்கொள்ள வேண்டும். இருப்பிடம் 03:00.0 என்பதுபோல் இருக்கும். அடையாளம் இரண்டு பகுதிகள் கொண்டது. ஏஎக்ஸ்200 அட்டைக்கு அது 8086:2723. முதற்பகுதி இன்டெல் நிறுவனத்தைக் குறிப்பது. அந்நிறுவனத்தின் புகழ்பெற்ற பழைய செயலியின் எண்ணையே தன் அடையாளமாக வைத்துக்கொண்டிருக்கிறது என்பதைக் கவனித்தால் மறக்காது.

இதன்பிறகு, ஓம்புநரில் அட்டையைப் பிடித்துக்கொண்டிருக்கும் இயக்கியை விடுவித்து, அதன் இடத்தில் விஎஃப்ஐஓ-பிசிஐ என்னும் காப்பு இயக்கியை அமர்த்த வேண்டும். கையால் செய்யலாம், ஆனால் லிப்விர்ட் வழியாக இயந்திரங்களை நிர்வகிப்பவர்களுக்கு அந்தச் சிரமம் இல்லை. விர்ட்-மேனேஜர் மென்பொருளில் வன்பொருள் சேர்க்கும் பகுதிக்குச் சென்று, ஓம்புநரின் பிசிஐ கருவி என்பதைத் தேர்ந்து, வைஃபை அட்டையைச் சுட்டினால் போதும். இயந்திரம் தொடங்கும்போது அட்டையை அதுவே விடுவித்து ஒப்படைக்கும். நிறுத்தும்போது அதுவே திரும்பப் பெறும். வரைகலை அட்டையை ஒப்படைப்பவர்கள் கணினி தொடங்கும்போதே அதை ஒதுக்கிவைக்க வேண்டியிருக்கும். வைஃபை அட்டையோ ஓடிக்கொண்டிருக்கும்போதே பெரும்பாலும் அமைதியாக வந்துவிடுகிறது.

இந்த நொடியில் ஓம்புநரின் வைஃபை அறுந்துபோகும். தொலைவிலிருந்து அதே வைஃபை வழியாகக் கணினியில் நுழைந்து இதைச் செய்பவர் தாம் உட்கார்ந்திருக்கும் கிளையையே வெட்டுகிறார். கம்பிவழி இணைப்போ, செல்பேசியை யூஎஸ்பியில் இணைத்துப் பெறும் இணையமோ தயாராக இருக்க வேண்டும்.

நினைவகத்தையும் கணக்கிட வேண்டும். அட்டை எந்தப் பக்கத்தில் எப்போது எழுதும் என்று ஓம்புநருக்குத் தெரியாது. எனவே விருந்தினருக்கு ஒதுக்கிய நினைவகம் முழுவதும் தொடக்கத்திலேயே பூட்டப்படும். 8 ஜிபி உள்ள மடிக்கணினியில் விருந்தினருக்கு 4 ஜிபி கொடுத்தால், விருந்தினர் சும்மா இருந்தாலும் அந்த 4 ஜிபி ஓம்புநருக்குக் கிடைக்காது. ஒடுங்கிய கணினிகளில் விருந்தினரைச் சிறியதாக வைப்பதே நல்லது. ஓடும் நிலையை அப்படியே சேமித்துவைப்பது, ஓடிக்கொண்டிருக்கும்போதே வேறு கணினிக்கு இடம்பெயர்ப்பது ஆகிய வசதிகளையும் பொதுவாக இழக்க நேரும். அட்டைக்குள் இருக்கும் நிலையைப் படியெடுக்க வழியில்லாததே காரணம்.

== சிக்கும் இடங்கள் ==

எல்லாம் சரியாகச் செய்தும் விருந்தினரில் வைஃபை வராவிட்டால் முதலில் பார்க்க வேண்டியது விருந்தினரின் கருனியை. மெய்நிகர் இயந்திரத்துக்கென்றே சுருக்கப்பட்ட கருனிகளில் வைஃபை இயக்கிகளை விட்டுவிடுவது வழக்கம். மெய்நிகர் இயந்திரத்தில் வைஃபை எங்கே வரப்போகிறது என்ற நியாயமான எண்ணம்தான். டெபியனின் மேகக் கருனியும், ஆல்பைன் லினக்ஸின் மெய்நிகர்க் கருனியும் இத்தகையவை. வழக்கமான கருனியை நிறுவிய பிறகு, ஃபர்ம்வேர் எனப்படும் நிலைபொருள் தொகுப்பையும் நிறுவ வேண்டும். அட்டை பட்டியலில் தெரிந்தும் இடைமுகம் தோன்றாவிட்டால், குறை இவ்விரண்டில் ஒன்றாக இருப்பதே மிகுதி.

அட்டையை மீட்டமைப்பது அடுத்த சிக்கல். விருந்தினரை நிறுத்தி மறுபடி தொடங்கும்போது, அட்டை தன் பழைய நிலையை மறந்து புதிதாகத் தொடங்க வேண்டும். செயல்பாட்டளவில் தன்னை மட்டும் மீட்டமைத்துக்கொள்ளும் திறன் சில அட்டைகளுக்கு உண்டு. இல்லாதவற்றுக்கு அவை இணைந்துள்ள தடத்தையே மீட்டமைப்பது மாற்று வழி. ஏதெரோஸின் ஏஆர்9 வரிசைச் சில்லுகள் சிலவும் கியூசிஏ988 வரிசையும் தட மீட்டமைப்புக்குப் பிறகு கண்விழிப்பதே இல்லை. அவற்றைத் தொட முயலும் கணினி முழுவதும் உறைந்துபோகக் கூடும். அதனால் அவற்றுக்குத் தட மீட்டமைப்பு செய்யாதே என்ற விதிவிலக்கு லினக்ஸ் கருனியின் மூலநிரலிலேயே எழுதப்பட்டிருக்கிறது.

குவால்காமின் சில புதிய அட்டைகளில் இன்னும் நுட்பமான இடறல் ஒன்று காணப்படுகிறது. இக்கால அட்டைகள் குறுக்கீட்டை எழுப்புவதற்கென்று தனிக் கம்பி வைத்திருப்பதில்லை. குறிப்பிட்ட நினைவக முகவரியில் ஓர் எண்ணை எழுதுவதே குறுக்கீடு. அந்த முகவரியை அட்டையின் பொதுப் பதிவகத்தில் விருந்தினர் எழுதும்போது ஓம்புநர் இடைமறித்து உண்மையான முகவரியை வைத்துவிடும். ஏடிஎச்11கே இயக்கியோ முகவரியைத் தன் தனிப்பட்ட வழியில் அட்டையின் நிலைபொருளிடம் சொல்லிவிடுகிறது. அது சொல்வது விருந்தினர் அறிந்த முகவரி; வெளியுலகில் அதற்குப் பொருள் இல்லை. அட்டை அங்கே எழுதிப் பார்க்கிறது, காவலர் தடுக்கிறார், இயக்கி பதிலுக்குக் காத்திருந்து தோல்வியைப் பதிவு செய்கிறது. பயனர் அமைப்பில் எதை மாற்றினாலும் இது தீராது.

புளூடூத்தைப் பற்றியும் ஒரு சொல். ஏஎக்ஸ்200 போன்ற அட்டைகளில் வைஃபை பிசிஐ வழியிலும் புளூடூத் யூஎஸ்பி வழியிலும் கணினியோடு பேசுகின்றன. ஒரே அட்டை, இரண்டு பாதைகள். பிசிஐ கருவியை ஒப்படைத்தால் வைஃபை மட்டுமே செல்லும். புளூடூத் ஓம்புநரிடமே தங்கும். அதுவும் வேண்டுமென்றால் 8087:0029 என்ற அடையாளம் கொண்ட யூஎஸ்பி கருவியைத் தனியே கொடுக்க வேண்டும்.

ஏஎக்ஸ்201 என்று ஓர் எண் கூடினால் கதை மாறுகிறது. அது முழு அட்டையன்று. வைஃபையின் கணக்கு வேலைகளைச் செய்யும் பகுதி கணினியின் முதன்மைச் சில்லுத் தொகுப்புக்குள்ளேயே இருக்கும். கழற்றக்கூடிய பகுதியில் வானொலி மட்டுமே இருக்கும். சின்வி என்று இன்டெல் இதை அழைக்கிறது. இவ்வகை வைஃபை 00:14.3 என்ற இடத்தில் தென்படுவது வழக்கம். அதே 00:14 எண்ணின்கீழ் யூஎஸ்பி கட்டுப்படுத்தியும் இருப்பதால், சில கணினிகளில் இரண்டும் ஒரே குழுவில் சேர்ந்துவிடலாம். மடிக்கணினியை வாங்கும் முன்பே இதைத் தெரிந்துகொள்வது நல்லது.

விருந்தினரை அணுகுமுனையாக மாற்ற நினைப்பவர் இன்டெல் அட்டைகளைத் தவிர்க்கலாம். நாட்டுக்கு நாடு மாறும் அலைவரிசை விதிகளை இவ்வட்டைகள் தாமே கடைப்பிடிப்பதால், 5 கிகாஹெர்ட்ஸில் தாமாக ஒலிபரப்பத் தொடங்குவதைப் பெரும்பாலும் மறுத்துவிடும். மீடியாடெக், பழைய ஏதெரோஸ் சில்லுகள் இப்பணிக்கு ஏற்றவை.

விண்டோஸ் ஓம்புநரில் இருப்பவர்களுக்குப் பிசிஐ வழி ஏறக்குறைய மூடப்பட்டதே. ஹைப்பர்-வியில் இவ்வசதி விண்டோஸ் சர்வர் 2016 முதல் சர்வர் பதிப்புகளுக்கே உரியது. வீட்டுப் பதிப்புகளில் இல்லை. வெர்ச்சுவல்பாக்ஸில் லினக்ஸ் ஓம்புநருக்கு மட்டும் சோதனை நிலையில் இருந்த பிசிஐ ஒப்படைப்பும் 6.1ஆம் பதிப்பில் நீக்கப்பட்டுவிட்டது. அவர்களுக்கு யூஎஸ்பியே வழி.

== பாதுகாப்புக்காக ஒப்படைத்தல் ==

வைஃபை அட்டை என்பது வெறும் அலைவாங்கி அன்று. அதற்குள் ஒரு சிறு செயலியும், தனி நினைவகமும், வெளியார் படிக்க முடியாத நிலைபொருளும் உண்டு. 2017இல் கூகுளின் புராஜெக்ட் ஜீரோ குழுவில் இருந்த கால் பெனியாமினி, பிராட்காம் வைஃபை சில்லுகளின் நிலைபொருளில் இருந்த பிழைகளை வெளியிட்டார். அருகில் இருக்கும் ஒருவர் காற்றில் அனுப்பும் சட்டகங்களைக் கொண்டே முதலில் வைஃபை சில்லையும், அங்கிருந்து திறன்பேசியின் முதன்மைச் செயலியையும் கைப்பற்ற முடியும் என்று அவர் செய்து காட்டினார். பயனர் எதையும் அழுத்த வேண்டியதில்லை. நேரடி நினைவக அணுகல் பெற்ற ஒரு சில்லு கெட்டுப்போனால், நினைவகம் முழுவதும் அதற்குத் திறந்த வீடு என்ற செய்தி இதனால் பலருக்கும் எட்டியது.

ஜோவன்னா ருட்கோவ்ஸ்கா தொடங்கிய கியூப்ஸ் இயங்குதளம், 2012இல் தன் முதற்பதிப்பை வெளியிட்ட காலத்திலிருந்தே இந்த ஆபத்தை மனத்தில் வைத்து அமைந்தது. அதில் வலையட்டைகள் அனைத்தும் சிஸ்-நெட் என்னும் தனி மெய்நிகர் இயந்திரத்திடம் ஒப்படைக்கப்படுகின்றன. பயனரின் கோப்புகள், மின்னஞ்சல், கடவுச்சொற்கள் ஆகியவை வேறு வேறு இயந்திரங்களில் இருக்கும். வைஃபை அட்டையோ அதன் இயக்கியோ கைப்பற்றப்பட்டால், தாக்கியவர் கையில் சிக்குவது அந்த ஒரு சிறிய இயந்திரம் மட்டுமே. ஐஓஎம்எம்யூ அதற்கு வெளியே அட்டையை எழுதவிடாது. சிஸ்-நெட்டின் வழியே செல்லும் பொதிகளை அவர் பார்க்க முடியும் என்பது உண்மை. ஆனால் பொது இடத்து வைஃபையை நடத்துபவரும் அவற்றைப் பார்க்க முடியும் என்பதால், அது புதிதாக நேர்ந்த இழப்பன்று. குறியாக்கம் செய்த பொதிகள் அங்கேயும் காக்கப்படும்.

== இயக்கியைக் கடன் வாங்குதல்: வைஃபைபாக்ஸ் ==

ஒப்படைப்பின் மிகச் சுவையான பயன்பாடு ஃப்ரீபிஎஸ்டி உலகில் காணப்படுகிறது. இந்த இயங்குதளத்தில் வைஃபை இயக்கிகள் நெடுங்காலம் லினக்ஸைவிடப் பின்தங்கியே இருந்தன. அட்டை வேகமானதாக இருந்தும் பழைய தரத்தின் வேகமே கிடைத்தது. சில அட்டைகளுக்கு இயக்கியே இல்லை. இயக்கியை மாற்றி எழுதுவது ஆண்டுக்கணக்கான வேலை. அதுவரை மடிக்கணினியை என்ன செய்வது?

வைஃபைபாக்ஸ் என்னும் கட்டற்ற திட்டம் இதற்குக் குறுக்குவழி கண்டது. ஃப்ரீபிஎஸ்டியின் சொந்த மெய்நிகராக்கியான பீஹைவ், 2014இல் 10.0ஆம் பதிப்போடு வந்தது. வைஃபைபாக்ஸ் அதற்குள் மிகச் சிறிய ஆல்பைன் லினக்ஸ் ஒன்றை ஓட்டி, மடிக்கணினியின் வைஃபை அட்டையை அதனிடம் ஒப்படைக்கிறது. லினக்ஸ் தன் இயக்கியால் அட்டையை ஓட்டி வைஃபையில் இணைகிறது. பிறகு அது ஒரு சிறு திசைவியைப்போல் நின்று, மெய்நிகர்க் கம்பி வழியாக ஓம்புநருக்கே இணையத்தை வழங்குகிறது. வழக்கமாக ஓம்புநரிடம் விருந்தினர் இணையம் கேட்கும். இங்கே வீட்டுக்காரர் விருந்தினரிடம் தண்ணீர் வாங்கிக் குடிக்கிறார்.

== அட்டையே இல்லாமல் பயில ==

விடி-டி இல்லாத கணினியும், யூஎஸ்பி கருவி வாங்கப் பணமும் இல்லாத மாணவர் வைஃபையின் உள்ளமைப்பைப் படிக்க முடியாது என்று இல்லை. லினக்ஸ் கருனியில் மேக்80211 எச்டபிள்யூசிம் என்னும் கூறு ஒன்று உண்டு. வைஃபை இணைப்பு மென்பொருள்களான ஹோஸ்ட்ஏபிடி, டபிள்யூபிஏ சப்ளிகன்ட் ஆகியவற்றை எழுதிய யோனி மாலினன் உருவாக்கியது. மெய்நிகர் இயந்திரத்துக்குள் இதை ஏற்றினால், இல்லாத இரண்டு வைஃபை அட்டைகள் தோன்றும். ஒன்று அனுப்புவதை மற்றொன்று கேட்கும். எத்தனை அட்டைகள் வேண்டும் என்று அளவுருவில் சொல்லவும் முடியும்.

ஓர் அட்டையை அணுகுமுனையாக்கி ஹோஸ்ட்ஏபிடியை ஓட்டலாம். மற்றொன்றை நிலையமாக்கி அதனோடு இணைக்கலாம். காற்றில் செல்லும் எல்லாவற்றையும் ஒருசேரக் கேட்கும் கண்காணிப்பு இடைமுகமும் உடன் வருவதால், வயர்ஷார்க்கைத் திறந்து டபிள்யூபிஏ2வின் நான்கு கட்டக் கைகுலுக்கலைச் சட்டகம் சட்டகமாகப் படிக்க முடியும். கடவுச்சொல்லைத் தவறாகக் கொடுத்தால் எந்தக் கட்டத்தில் உரையாடல் நின்றுபோகிறது என்றும் பார்க்கலாம். குறிப்பலையின் வலிமை, சுவர்களின் தடை, பக்கத்து வீட்டு வலையமைப்பின் இரைச்சல் போன்றவை மட்டும் இதில் கிடைக்காது. அவற்றுக்கு உண்மையான அட்டைதான் வேண்டும்.